வண்டிப் பேச்சு: 3,500 கிலோ இழுக்கும் என்றால் போதுமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். மகளும் மாப்பிள்ளையும் பெர்த்தில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அங்கே போய், ஒரு கேரவன் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) வாங்கி, ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரலாம் என்று ஆசை. பார்த்து வைத்திருப்பது 21 அடி கேரவன். அதன் தகட்டில் ஏ.டி.எம். 3,500 கிலோ என்று போட்டிருக்கிறதாம். மாப்பிள்ளை, "இசுசு டி-மேக்ஸ் போதும், 3,500 கிலோ இழுக்கும் என்று எழுதியே இருக்கிறது" என்கிறார். என் கணவருக்கு ராம் 1500 மாதிரி பெரிய அமெரிக்க பிக்கப்தான் வேண்டுமாம். யார் சொல்வதைக் கேட்பது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: டீச்சர், மாப்பிள்ளை சொல்வது பொய்யில்லை. டி-மேக்ஸ் 3,500 கிலோ இழுக்கும். ஆனால் அவ்வளவு எடையை இழுக்கும்போது வண்டிக்குள் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. உங்கள் வீட்டு வழக்கு அந்தக் கணக்கில்தான் தீரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்குக் கூட்டல் கழித்தல் புதிதா என்ன!

மூன்று எடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.டி.எம். என்பது சாமான், தண்ணீர், காஸ் எல்லாம் சேர்த்துக் கேரவன் இருக்கக்கூடிய உச்ச எடை. ஜி.வி.எம். என்பது இழுக்கும் வண்டி, ஆட்களும் சுமையுமாக இருக்கக்கூடிய உச்ச எடை. கேரவனின் மூக்கு கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் இதில்தான் சேரும். ஜி.சி.எம். என்பது வண்டியும் கேரவனும் சேர்ந்து சாலையில் இருக்கக்கூடிய மொத்த உச்ச எடை. இந்த மூன்றில் எது முதலில் முட்டுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை.

இப்போது டி-மேக்ஸ் நான்கு சக்கர இழுவை, இரட்டை கேபின் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜி.சி.எம். ஆண்டைப் பொறுத்து 5,950 அல்லது அதை ஒட்டி இருக்கும். ஜி.வி.எம். 3,100. முழு டேங்க் எண்ணெயோடு வெறும் வண்டி சுமார் 2,100 கிலோ. 5,950-ல் கேரவனுக்கு 3,500 போனால் மிச்சம் 2,450. அதில் வண்டியே 2,100. கையில் நிற்பது 350 கிலோ. நீங்கள் இருவரும் ஏறினால் 140, 150 போய்விடும். கங்காரு குறுக்கே வரும் என்று முன்னால் எஃகுத் தடுப்புக் கம்பி, அதாவது புல்பார், போடச் சொல்வார்கள், அது ஒரு 60 கிலோ. இழுவைக் கொக்கி, பின்னால் மூடு கூண்டு, ஐஸ் பெட்டி, கூடுதல் பேட்டரி, கருவிப்பெட்டி. முடிந்தது. பேரப்பிள்ளை ஒரு வாரம் கூட வருகிறேன் என்றால் உட்கார எடை இருக்காது.

அப்படியானால் இன்னும் பெரிய வண்டி வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். லேண்ட் குரூசர் 300-ஐப் பாருங்கள். அதன் ஜி.சி.எம். 6,750. அந்தப் பக்கம் தாராளம். ஆனால் வெறும் வண்டியே 2,600-ஐத் தொடுகிறது, ஜி.வி.எம். 3,280தான். 3,500 கிலோ கேரவன் கொக்கியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 350 கிலோ, அழுத்தும். 3,280-ல் 2,600-ஐயும் 350-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 330. டி-மேக்ஸில் ஜி.சி.எம். முட்டியது, இங்கே ஜி.வி.எம். முட்டுகிறது. விலையில் எவ்வளவு வித்தியாசம், கையில் நிற்கும் கிலோவோ ஏறக்குறைய ஒன்றுதான்! இதைத்தான் விற்பனையாளர்கள் சொல்வதில்லை, நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிய காலத்தில் எங்கள் முதல் கேள்வி, எந்த அச்சில் எவ்வளவு சுமை என்பதுதான். கேரவனுக்கும் அதே கேள்விதான். கொக்கி பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் ஒன்றேகால் மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. டி-மேக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி சுமார் 3.1 மீட்டர். கொக்கியில் 350 கிலோ உட்கார்ந்தால், பின் அச்சில் 350 மட்டும் கூடாது, 490 கிலோ வரை கூடும். அந்த 140 கிலோ எங்கிருந்து வருகிறது? முன் அச்சிலிருந்து. வண்டியின் பின்பக்கம் குந்தி உட்காரும், முன் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். மழையில் வளைவில் திருப்பும்போது முன் டயர் பிடிக்காமல் நழுவும். எடையைப் பகிரும் கம்பி கொண்ட கொக்கி போட்டால் கொஞ்சம் எடை முன்னால் திரும்பி வரும். ஆனால் அதை மாட்டியதால் மேலே சொன்ன மூன்று எல்லைகளில் எதுவும் ஒரு கிலோகூட உயராது. ஸ்பிரிங் மாற்றி ஜி.வி.எம்.-ஐ உயர்த்தித் தருகிறோம் என்பார்கள். சட்டப்படி அதற்கு வழி உண்டு. அப்படிச் செய்தாலும் ஜி.சி.எம். தானாக உயர்ந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

சரி, ஐயா கேட்கும் ராம் 1500. ராம், எஃப்-150, சில்வராடோ மூன்றையும் மெல்பர்னில் வலப்பக்க ஸ்டீயரிங்காக மாற்றி அங்கே விற்கிறார்கள். 70 மில்லிமீட்டர் கொக்கி உருண்டை போட்டால் 4,500 கிலோ வரை இழுக்கலாம். வழக்கமான 50 மில்லிமீட்டர் உருண்டை என்றால் அதே வண்டிக்கும் 3,500தான் எல்லை. வண்டி கனமானது, அச்சுகளுக்கு இடையே மூன்றரை மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால் கேரவன் இதை அவ்வளவு சுலபமாக ஆட்டிவைக்க முடியாது. ஆனால் முதுகில் ஏற்றும் சுமை டி-மேக்ஸைவிடக் குறைவு என்று சொன்னால் ஐயா நம்பமாட்டார், தகட்டைக் காட்டுங்கள். பெட்ரோலில் ஓடுகிறது, கேரவனோடு எதிர்காற்றில் போனால் நன்றாகவே குடிக்கும். நீளம் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. பெர்த்தில் மகள் வீட்டு வாசலில் நிறுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு இது: இரண்டு பேரும் வண்டியைப் பற்றி வாதாடுகிறார்கள், முதலில் குறைக்க வேண்டியது கேரவனை. இரண்டு பேருக்கு 21 அடி எதற்கு? 18, 19 அடியில் குளியலறையோடு, ஏ.டி.எம். 2,700 கிலோ அளவில் நல்ல கேரவன்கள் கிடைக்கின்றன. அதே டி-மேக்ஸில் கணக்குப் போடுங்கள். ஜி.சி.எம். பக்கம் 1,150 கிலோ மிச்சம். ஜி.வி.எம். பக்கம், கொக்கியின் 270-ஐக் கழித்து 730 மிச்சம். சிறியதைத்தான் எடுக்க வேண்டும் என்பதால் 730 கிலோ உங்களுக்கு. 350 எங்கே, 730 எங்கே! இப்போது பேரப்பிள்ளையும் வரலாம், புல்பாரும் போடலாம். மாப்பிள்ளை சொன்ன வண்டியே போதும். 21 அடிதான் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக நின்றால், அப்போது ஐயா பக்கம் நான் சாய்வேன்.

கேரவன் வாங்கும்போது தகட்டில் இன்னொரு எண்ணையும் பாருங்கள். காலியாக இருக்கும்போது எடை எவ்வளவு என்று போட்டிருக்கும். ஏ.டி.எம்.-இலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு இருந்தால், நிரப்பியதும் 190 கிலோ அதிலேயே போய்விடும். அப்புறம் காஸ், பந்தல், நாற்காலி. நீங்கள் கிரைண்டரும் இட்லிப் பானையும் இல்லாமல் கிளம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், அதற்கும் இடம் வையுங்கள்.

பிரேக்கில் சமரசமே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். கேரவன் தப்பித்தவறிக் கழன்றால் அதுவாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியில், கேரவனின் பிரேக்கை இயக்கும் மின் பிரேக் கன்ட்ரோலர் பொருத்துங்கள், அது ஐயாவின் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெர்த்துக்குக் கிழக்கே கிரீன்மவுண்ட் இறக்கம் இருக்கிறது, நம்ம கெந்திங் இறக்கம் ஓட்டியவருக்கு அது புரியும். மேலேயே கியரைக் குறைத்துவிட்டு மெதுவாக இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் நேராக எடைமேடைக்குப் போங்கள். முதலில் வண்டியும் கேரவனும் சேர்த்து நிறுத்தி எடை போடுங்கள், அது ஜி.சி.எம்.-க்கு உள்ளே இருக்க வேண்டும். அடுத்து, மாட்டியபடியே கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கட்டும். அப்புறம் கழற்றி, கேரவனை மட்டும், மூக்கைத் தாங்கும் சின்ன முன்சக்கரத்தோடு முழுதாக மேடையில் நிறுத்துங்கள். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி எடை. எல்லை மீறி ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர்கள் பணம் தர மறுக்க வாய்ப்பு உண்டு. ஓய்வூதியப் பணத்தை அப்படி இழக்கக் கூடாது டீச்சர்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் கேரவன் வாடகைக்கு எடுத்து தெற்கே நல்லார்போர் சமவெளிப் பக்கம் போனோம். பெரிய லோரி ஒன்று எங்களைக் கடந்தபோது கேரவன் வாலை ஆட்டுவதுபோல் ஆட ஆரம்பித்துவிட்டது. குடும்பமே பயந்துவிட்டது. ஏன் அப்படி, அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: தம்பி, எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டீர்களே, அது பெரிது. ஆஸ்திரேலியாவில் ரோடு டிரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் லோரிகள், சில சாலைகளில் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அப்படி ஒன்று கடக்கும்போது முதலில் காற்று உங்களைத் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். கேரவன் சரியாக ஏற்றப்பட்டிருந்தால் ஒருமுறை அசைந்து அடங்கிவிடும். அடங்காமல் ஆடினால் பெரும்பாலும் மூக்கில் எடை போதவில்லை என்று அர்த்தம். பின்னால் சைக்கிள், கூடுதல் டயர், ஜெனரேட்டர் என்று தொங்கவிட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும். கனமானதை அச்சுக்கு மேலேயே, தரையோடு வையுங்கள். முன்னும் பின்னும் கடைசியில் கனம் வைத்தால், மொத்த எடை சரியாக இருந்தாலும் ஆடத் தொடங்கியது நிற்காது. தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால், அது காலியாகக் காலியாக மூக்கு எடையும் குறையும். காலையில் சரியாக இருந்த கேரவன் சாயங்காலம் ஆடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆடும்போது வண்டி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக் கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியையோ பொத்தானையோ இயக்கிக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். கேரவன் பின்னாலிருந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும், இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். அடுத்த முறை வாடகைக்கு எடுத்தால், கிளம்புவதற்கு முன்பே அந்தப் பொத்தான் எங்கே என்று கேட்டு, நின்றபடி ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உங்கள் மனைவியும் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என்னிடம் ஹைலக்ஸ் இருக்கிறது. இங்கேயே ஒரு சின்ன கேம்பர் டிரெய்லர் இழுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போகலாமா?
— வாசகர், செலாயாங்

பதில்: ஹைலக்ஸுக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் வெல்டிங் கடையில் கொக்கியை ஒட்டிவிட்டு அப்புறம் அனுமதி தேடாதீர்கள். முதலில் ஜேபிஜே-க்கு (சாலைப் போக்குவரத்துத் துறை) போய், உங்கள் வண்டிக்கு எந்தக் கொக்கி ஏற்கப்படும், டிரெய்லரை எப்படிப் பதிவு செய்வது என்று கேளுங்கள். பதிவில்லாத டிரெய்லரை விலை மலிவு என்று வாங்கவே வாங்காதீர்கள், சாலையில் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது. மலைக்குப் போகும்போது தாப்பா வழி வேண்டாம். வளைவுகள் குறுகல், எதிரே பஸ் வந்தால் டிரெய்லரோடு பின்னால் எடுக்க முடியாமல் திண்டாடுவீர்கள். சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள், சாலை அகலம். மழை பிடிப்பதற்குள் காலையிலேயே ஏறிவிடுங்கள்.