பரோசா ஷிராஸும் மிளகு வறுவலும்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வீட்டு விருந்துக்கு எந்த ரெட் ஒயின் வாங்கிப் போவது, வீட்டில் செய்து எடுத்துப் போகும் மட்டன் அதோடு சேருமா என்று கேட்டிருந்தீர்கள். அடிலெய்டில் இருந்துகொண்டு இதற்கு ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. பரோசா ஷிராஸ் ஒன்று வாங்குங்கள். 20 முதல் 30 டாலருக்குள் மரியாதையான பாட்டில் கிடைக்கும். பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் என்ற பேர்போன ஒயின் பக்கம் மட்டும் போகாதீர்கள், விலையைப் பார்த்தால் விருந்தே வேண்டாம் என்று தோன்றிவிடும். மூடி திருகு மூடியாக இருந்தால் மட்டமான சரக்கு என்று நினைக்கவும் வேண்டாம். இங்கே நல்ல ஒயினுக்கும் அதுதான்.

பரோசா இங்கிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம். 1840களில் சைலீசியாவிலிருந்து வந்த லூத்தரன் ஜெர்மானியர்கள் குடியேறிய பூமி. ஷிராஸ் என்பது பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா என்று சொல்லும் அதே கருந்திராட்சைதான். 1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து திராட்சைக் குச்சிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. பரோசா இருக்கும் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் அது இன்றுவரை நுழையவில்லை. அதனால் தனுண்டா ஊரில் லாங்மைல் தோட்டத்தில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அடிமரம் முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து, பார்த்தால் விறகுக்குத்தான் ஆகும் போலிருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் போனால் கொடி வரிசைக்குள் இறங்கி போட்டோ எடுக்காதீர்கள். செருப்பில் ஒட்டும் மண்ணிலேயே பூச்சி வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்.

பரோசா பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதியில் வெயில் அதிகம், பழம் நன்றாகக் கனியும். ஒயின் கருஞ்சிவப்பாக, கெட்டியாக, பிளம்ஸும் சாக்லேட்டும் கலந்த வாசத்தோடு இருக்கும். ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை போகும். பக்கத்து மேட்டு நிலமான ஈடன் வேலியில் குளிர்ச்சி கூடுதல், அங்கே விளைவதில் மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். இது வெறும் வர்ணனை இல்லை. ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் அந்த வாசத்துக்குக் காரணம். நம் அஞ்சறைப்பெட்டி மிளகிலும் அதுவேதான் இருக்கிறது. இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததும் அடிலெய்டு ஆய்வாளர்கள்தான்.

ஆகவே மட்டனை மிளகு வறுவலாகச் செய்யச் சொல்லுங்கள். சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் போட்டு, எண்ணெய் பிரிய வறுத்து இறக்கியது ஷிராஸோடு அருமையாகப் போகும். கறியின் கொழுப்பும் உப்பும் ஒயினின் துவர்ப்பை அடக்கிவிடும். இங்கத்திய ஆட்டு ரோஸ்ட்டோடு இதைக் குடிப்பதும் அதனால்தான். காய்ந்த மிளகாயை மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கிளப்பிவிடும், செட்டிநாட்டுக் காரத்தோடு குடித்தால் நாக்கு பற்றி எரியும், ஒயின் கசக்கும். மீன் குழம்பு வேண்டவே வேண்டாம், வாயில் இரும்பு வாடை அடிக்கும். சைவக்காரர் யாராவது வந்தால் காளான் மிளகு பிரட்டல் போதும்.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் போட்டுச் சில்லென்று ஆக்க வேண்டாம். கோடை நாளானால் கிளம்புமுன் அரை மணி நேரம் வைத்தால் போதும். அவர்கள் அன்று அதைத் திறக்காமல் உள்ளே எடுத்து வைத்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பரிசு. நீங்கள் குடிப்பதில்லை என்றால் அப்படியே சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

குடிப்பதானால் ஒன்று. லேபிளின் பின்பக்கம் ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். பத்து கிராம் ஆல்கஹாலை ஓர் அளவாக வைத்து, பாட்டிலில் எத்தனை அளவு என்று சொல்லும் கணக்கு அது. இந்த வகை பாட்டிலில் எட்டரைக்குப் பக்கத்தில் வரும். முழு லைசென்ஸ்காரருக்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் ஆகிவிட்டால் வண்டி ஓட்டக் கூடாது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் வண்டியில் மாட்டும் பி பிளேட் என்றால் பூஜ்யம், ஒரு வாய்கூடக் கூடாது. பஸ்ஸில் போவதாக இருந்தால் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு.