எல்.எஸ்.டி. இருந்தும் வண்டி வழுக்குவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பின்சக்கரம் இழுக்கும் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்.எஸ்.டி.) இருப்பதால் மழையில் வழுக்கவே வழுக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே பின்பக்கம் வெளியே தள்ளுகிறது. முன்பு வைத்திருந்த சாதாரண காரில் இப்படி ஆனதில்லை. டிஃபரன்ஷியல் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: அநேகமாக இல்லை. அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் தள்ளுகிறது. விற்றவர் சொன்னதில்தான் கோளாறு.

சாதாரண டிஃபரன்ஷியலிலிருந்து வருகிறேன், இல்லாவிட்டால் புரியாது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 1.5 மீட்டர் இடைவெளி என்றால், ஒரு முழு வட்டம் அடித்து வருவதற்குள் வெளிச்சக்கரம் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. இந்த வித்தியாசத்துக்கு வழிவிடத்தான் டிஃபரன்ஷியல், எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி. வேகத்தில் வழிவிடுகிறதே தவிர, முறுக்கு விசையை இரண்டு பக்கமும் சமமாகத்தான் அதனால் பிரிக்க முடியும், அங்கேதான் வம்பு. ஒரு சக்கரம் சகதியில் இருக்கிறது, 100 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும், மேலே போனால் சுழலும். மற்றது காய்ந்த தார்ச்சாலையில், 800 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சகதிச் சக்கரம் 100-க்கு மேல் வாங்காது, ஆகவே நல்ல சக்கரத்துக்கும் 100-தான். மொத்தம் 200. ‘விசை எல்லாம் வழுக்குகிற சக்கரத்துக்குப் போய்விடுகிறது’ என்று சொல்வார்களே, அது சரியில்லை. போவது வேகம் மட்டும்தான். நல்ல சக்கரம் பாவம், பக்கத்துச் சக்கரத்தால் பட்டினி கிடக்கிறது.

எல்.எஸ்.டி. இந்தச் சமப்பங்கீட்டைக் கொஞ்சம் மீறும். பல்சக்கரங்களாலேயே இதைச் செய்யும் பல்சக்கர வகையில் 3-க்கு 1 என்ற விகிதம் இருந்தால், சகதிச் சக்கரத்துக்கு 100, நல்ல சக்கரத்துக்கு 300, மொத்தம் 400. இரண்டு மடங்காகிவிட்டது, சரி. ஆனால் இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: நல்ல டயரிடம் ஏற்கெனவே இருந்த பிடிமானத்திலிருந்து. எல்.எஸ்.டி. புதிதாக ஒரு துளி பிடிமானத்தைக்கூட உண்டாக்குவதில்லை.

இப்போது உங்கள் வளைவுக்கு வருவோம். முன்னே தள்ளுவதற்கும், வண்டியைப் பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்து நிறுத்துவதற்கும் டயர் ஒரே இருப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. முன்பு வைத்திருந்த காரில், வளைவில் எடை குறைந்த உள்சக்கரம் சும்மா சுழன்றிருக்கும், வெளிச்சக்கரம் அதனால் அதிக விசை வாங்காமல் பக்கவாட்டுப் பிடியை விடாமல் நின்றிருக்கும். வண்டி வேகமெடுக்காது, ஆனால் வாலும் ஆடாது. இப்போது வாங்கிய காரில் அந்த வெளிச்சக்கரத்துக்கும் கூடுதல் விசை போகிறது. சாலை முழுக்க ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், அப்புறம் பின்பக்கத்தைப் பிடிக்க ஆளில்லை.

ஆகவே ஈரத்தில் வளைவு முடிந்து ஸ்டியரிங் நேராக ஆரம்பித்த பிறகு மெதுவாக அழுத்துங்கள். தள்ளும்போது பயந்து காலைப் பட்டென்று எடுக்காதீர்கள், எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். முதல் வேலையாக டயர் காற்றையும் தடத்தின் ஆழத்தையும் பார்த்துவிடுங்கள். மொட்டை டயருக்கு எல்.எஸ்.டி. வைத்துப் பிரயோசனம் இல்லை. இன்னொன்று, பிரேக் பிடித்து நிற்கும் தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தத் தைரியத்தில் ஓட்ட வேண்டாம்.

அப்படியானால் எதற்குத்தான் உதவும் என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் தார் என்று சாலை ஓரத்திலிருந்து ஏறும்போது, ஒரு சக்கரம் மட்டும் ஈரத்தில் நிற்க மேட்டில் வண்டியை எடுக்கும்போது உதவும். இரண்டு பக்கப் பிடிமானமும் வேறுவேறாக இருக்கும் இடம்தான் அதன் களம்.

கேள்வி: பின் டயர் ஒன்று வெடித்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: எல்.எஸ்.டி. உள்ள ஆக்ஸில் என்றால் ஜோடியாக மாற்றுவதே நல்லது. புது டயரில் 8 மில்லிமீட்டர் தடம், தேய்ந்ததில் 2 என்றால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். நடுத்தர அளவு டயரில் இது கிலோமீட்டருக்குச் சுமார் 10 சுற்று. சாதாரண டிஃபரன்ஷியல் இதைக் கண்டுகொள்ளாது. உராயும் தட்டுகளால் இரண்டு பக்கத்தையும் பிணைக்கும் கிளட்ச் பிளேட் வகை எல்.எஸ்.டி. நேர்ச்சாலையிலும் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். சின்ன ஸ்டெப்னி டயரை அந்த ஆக்ஸிலில் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் போகக் கூடாது என்பதும் இதனால்தான்.

கேள்வி: பார்க்கிங்கில் முழுசாகத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்கிறதே?

பதில்: எல்.எஸ்.டி.க்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் விட்டுவிட்டுப் பிடிக்கிற சத்தம். பல நேரம் ஆயில்தான் காரணம். எல்.எஸ்.டி.-க்கு உரிய கியர் ஆயிலோ, அதில் சேர்க்கும் உராய்வு மாற்றியோ இல்லாமல் ஊற்றியிருப்பார்கள். கையேட்டில் என்ன ஆயில் போட்டிருக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் காரில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. அதுவும் எல்.எஸ்.டி.யும் ஒன்றா?

பதில்: இல்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோல் வழுக்கிச் சுழலும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடிக்கும், எஞ்சினையும் கொஞ்சம் அடக்கும். பிரேக் தரும் எதிர்ப்பால் மறுபக்கத்துக்கும் அதே அளவு விசை போகும். சக்தி கொஞ்சம் சூடாக வீணாகும், பிரேக் பேடும் தேயும். ஆனாலும் தினசரி ஓட்டத்துக்கு இது தாராளமாகப் போதும் என்பது என் கட்சி.

கேள்வி: எல்.எஸ்.டி. இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: எஞ்சினை அணைத்து, கீழே நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இழுக்கும் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரணம், அல்லது பிளேட் தேய்ந்த எல்.எஸ்.டி. ஒரே பக்கம் சுற்றினால் நல்ல நிலையில் உள்ள எல்.எஸ்.டி. பல்சக்கர வகை மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றிவிடும், அதுவும் எதிர்ப்பக்கம் சுற்றலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அதன் பலமும் போய்விடும், பூஜ்யத்தை 3-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டி கியர் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.