அம்பயரை மிரட்டினால்?

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் ஞாயிறுதோறும் 20 ஓவர் கிரிக்கெட் ஆடுகிறோம். எல்பிடபிள்யூ தராத கோபத்தில் ஒரு பந்துவீச்சாளர், அம்பயரின் முகத்துக்கு நேரே விரல் நீட்டி மிரட்டினார். வெளியே அனுப்ப முடியுமா? – வாசகர், டர்பன்

பதில்: முடியும். கிரிக்கெட் விதிகளில் 2017-இல் வந்த 42-ஆம் விதி, வீரர்களின் நடத்தைக் குற்றங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. வெறும் முணுமுணுப்பு முதல் நிலை: முதல் தடவை எச்சரிக்கை, அதே அணி மறுபடி செய்தால் எதிரணிக்கு 5 ரன். நீங்கள் சொல்வது மிரட்டல், மூன்றாம் நிலை. 5 ரன்னோடு, இன்னிங்ஸ் ஓவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு, உங்கள் ஆட்டத்தில் 4 ஓவருக்கு, அவர் வெளியே இருக்கணும். மாற்று ஃபீல்டர் கிடையாது. 'அடிப்பேன்' என்று அம்பயரிடம் சொல்லியிருந்தால் நான்காம் நிலை. மீதி ஆட்டம் முழுக்க வெளியேதான்.

பலரும் தடுமாறுவது முறையில்தான். அந்த ஆளோடு வாய் கொடுக்காதீர்கள், சண்டை அங்கேதான் முற்றும். 'டைம்' சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரு அம்பயர்களும் கலந்து பேசி, அவருடைய கேப்டனைக் கூப்பிட்டு அவரை வெளியே அனுப்பச் சொல்லணும். கேப்டன் மறுத்தால் ஆட்டமே எதிரணிக்கு. பிறகு லீக் நிர்வாகத்துக்குப் புகார் எழுதுங்கள்.