எந்த அலைவரிசையில் நம் ஆட்டம்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நம் மலேசிய சூப்பர் லீக் காற்பந்து ஆட்டம் ஒரு வருடம் ஓர் அலைவரிசையில் வருகிறது, அப்புறம் வேறு எங்கோ போய்விடுகிறது. ஏன் இந்த அலைச்சல்? (செந்தூல் வாசகர்)

பதில்: எல்லாம் ஒளிபரப்பு உரிமை படுத்தும் பாடு. ஆடுவது அணிகள் என்றாலும், ஆட்டத்தைக் காட்டும் உரிமையை லீக்கை நடத்தும் அமைப்புதான் மொத்தமாக விற்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ நாம் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு தேட வேண்டியதுதான். 2018-இல் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிகொம் மலேசியா எட்டு வருடத்துக்கு 48 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று ஒப்பந்தம் போட்டது, அடுத்த வருடமே அது முறிந்தது. நமக்கு இதில் அலைவரிசை மாறும் தொல்லை மட்டும்தான், அந்த உரிமைப் பணத்தை நம்பியிருக்கும் அணிகளுக்கோ அது சோற்றுப் பிரச்சினை. ஜோகூர் மாதிரி பின்பலம் உள்ள அணி எதையும் தாங்கும், 2014 முதல் லீக் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி அது. ஆனால் கையிருப்பு இல்லாத அணியில் ஆட்டக்காரனின் சம்பளம்தான் முதலில் நிற்கும். சம்பள பாக்கிச் செய்தி நம் லீக்குக்குப் புதிதா என்ன?

கேள்வி: இங்கிலாந்து ஆட்டமே வாராவாரம் வருகிறதே, உள்ளூர் விளையாட்டுக்குத் தனி அலைவரிசை எதற்கு? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: உங்கள் பக்கத்து மாமாக் கடைக்கே போய்ப் பாருங்கள். மான்செஸ்டர், லிவர்பூல் என்றால் உட்கார நாற்காலி கிடைக்காது, தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) ஆறிப்போனாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சூப்பர் லீக் என்றால் அதே திரையில் சத்தத்தைக் குறைத்துவிட்டு பாட்டுப் போடுகிறார்கள். இந்த நிலையில் உள்ளூருக்கென்று 2010-இல் ஆஸ்ட்ரோ அரேனா வந்தது பெரிய விஷயம். காற்பந்து மட்டுமில்லை, ஹாக்கி, செபாக் தக்ரா (காலால் ஆடும் வலைப்பந்து), சுக்மா (மலேசிய மாநிலங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி) என்று உள்ளூர் விளையாட்டுகளை எல்லாம் அது காட்டுகிறது. தென்கிழக்காசியா முழுக்கப் பரவியிருந்த ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் என்ன ஆனது? 2021 அக்டோபரில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். வெளியூர்க்காரனுக்கு நம் ஆட்டம் வெறும் லாப நஷ்டக் கணக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: பினாங்கு அணி எப்போதாவது பெரிய அணியாக இருந்ததா? என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான். (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: தாராளமாக நம்பச் சொல்லுங்கள் அம்மா! 1982, 1998, 2001 என்று மூன்று முறை லீக் பட்டம், 2002-இல் எஃப்ஏ கிண்ணம். மலேசியக் கிண்ணத்தையும் நான்கு முறை வென்றது, கடைசியாக 1974-இல். அப்புறம் சறுக்கியது உண்மை. 2020-இல் சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையில் இருந்த மலேசிய பிரீமியர் லீக்கை வென்று மேலே வந்து, மறு வருடமே சூப்பர் லீக்கில் மூன்றாவது இடம் பிடித்தது.

கேள்வி: முன்பெல்லாம் தேசிய அணியில் நம் இந்தியர்கள் பெயர் கேட்கும். இப்போது ஏன் குறைந்துவிட்டது? (கிள்ளான் வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்கு எனக்கும் வயிற்றெரிச்சல்தான் வருகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைவர் எம்.சந்திரன். அதற்குப் பிறகு வந்த காலத்தில் கோல் கம்பத்தில் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம். 2010-இல் இந்தோனேசியாவைத் தோற்கடித்து தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம் வாங்கிக் கொடுத்த பயிற்றுநர் கே.ராஜகோபால். திறமைக்குப் பஞ்சமில்லை, அந்தத் திறமை வளர இடம்தான் சுருங்கிவிட்டது. மிஃபா (மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம்) அணி கீழ் லீக்கிலிருந்து போராடி மேலே வந்து, 2019-இல் பிஜே சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்தே அந்தப் பருவத்தை ஆடி முடித்து, அத்தோடு லீக்கை விட்டே விலகிக்கொண்டது. அப்படி ஓர் அணி போனால் அதன் பின்னால் வரவேண்டிய பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களுக்கும் வழி அடைபடுகிறது. அந்த அணி ஆடிய நாட்களில் நம்மில் எத்தனை வீட்டில் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தோம்? பார்க்க ஆள் இருந்தால்தான் விளம்பரதாரர் வருவார், விளம்பரதாரர் வந்தால்தான் அணி நிற்கும். இந்தியாவில் 2017-இலேயே தமிழுக்கென்று ஒரு விளையாட்டு அலைவரிசை வந்துவிட்டது. இங்கே முழு அலைவரிசை கூட வேண்டாம், வாரத்துக்கு அரை மணி நேரம் உள்ளூர் லீக் பற்றித் தமிழில் ஒரு நிகழ்ச்சி போடுங்கள் என்று நிலையங்களுக்கு நாம் எழுதிக் கேட்க வேண்டும். நான் எழுதப் போகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

கேள்வி: பிள்ளைகளை நேரில் ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போக ஆசை. எங்கே போகலாம்? (செராஸ் வாசகி)

பதில்: உங்கள் வீட்டுப் பக்கமே கோலாலம்பூர் அணியான கேஎல் சிட்டியின் அரங்கம் இருக்கிறதே! பண்டார் துன் ரசாக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 2021-இல் ஜோகூரை 2-0 என்று வீழ்த்தி, 1989-க்குப் பிறகு முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணி இது. பினாங்குக்குப் போனால் ஜார்ஜ்டவுன் பண்டாராயா அரங்கத்தையும் விட்டுவிடாதீர்கள், 1932-இல் கட்டியது. நுழைவுச்சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள், ஜோகூர் வரும் நாளில் கூட்டம் தாங்காது.