வாசகர் கேள்வி பதில்: கோட்டைக்குள் தஞ்சம், குடிக்கத் தண்ணீர்?

பேரழிவுக்குப் பிறகு 30 பேர் வேலூர் கோட்டைக்குள் பிழைத்திருப்பதாக ஒரு தொடர் காமிக்ஸ் எழுதுகிறேன். அகழித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதாகக் காட்டலாமா?
_வாசகர், குடியாத்தம்_

வேண்டாம். அது தேங்கிக் கிடக்கும் நீர். காய்ச்சினால் கிருமி சாகும். கரைந்த உப்பும் ரசாயனமும் அப்படியே இருக்கும். துணி துவைக்க, தீயணைக்க வைத்துக்கொள்ளட்டும்.

கணக்கைப் பாருங்கள். நம் சித்திரை வெயிலில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டராவது வேண்டும். 30 பேருக்கு 120 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 8 குடம். தினமும். யார் போவது, யார் காவல் நிற்பது என்பதிலேயே உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும்.

பாலாற்றில் ஊற்றுத் தோண்டலாம். செங்குத்தாகத் தோண்டினால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும். அகலமாக, சரிவாக இறங்க வேண்டும். கலங்கி வரும் முதல் நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகே மொள்ள வேண்டும். ஆனால் வேலூருக்கு மேற்கே, ஆறு வரும் வழியில்தான் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகள் மூடி ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதற்காக அவற்றின் கழிவு கலந்த நிலத்தடி நீர் தெளிந்துவிடாது. உப்பு நீரைக் காய்ச்சக் காய்ச்சக் கரிப்பு கூடத்தான் செய்யும்.

நம்பத் தகுந்தது மழைநீர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 700 லிட்டராவது தேறும். முதல் மழை மாடியைக் கழுவிவிட்டுப் போகட்டும், பிடிக்க வேண்டாம். நீர் கலங்கலாக இருந்தால் பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை உரசி, இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேல்நீரை இறுத்து, தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இந்தக் கையை, உரசும் கொட்டையை ஒரு பெரிய கட்டத்தில் வரையுங்கள்; வசனமே வேண்டாம்.

பிளீச்சிங் பவுடர் என்றால், தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து அரை மணி நேரம் விட வேண்டும். திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பறந்துபோயிருக்கும். அதே அளவைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் குடிப்பவர்களுக்கு வாந்திபேதி வரும். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு எதற்கு?

பேரழிவு நடந்து ஐந்து வருடம் கழித்து நாயகன் பைக்கில் போகலாமா?
_வாசகர், காட்பாடி_

பழைய பெட்ரோலில் முடியாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு உண்டு. அது ஈரத்தை இழுத்து, நாளடைவில் நீரோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மேலே மிஞ்சுவது பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பங்க்கில் கரண்ட் இல்லாமல் பம்பும் ஓடாது. சைக்கிள் கொடுங்கள்.

வண்ணம் இல்லாமல் காமிக்ஸ் தொடர் எடுபடுமா? தமிழ் வசனம் பலூனில் அடங்கமாட்டேன் என்கிறதே?
_வாசகர், ஆரணி_

'தி வாக்கிங் டெட்' என்ற அமெரிக்க காமிக்ஸ் 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள் உள்ளே கறுப்பு வெள்ளையிலேயே வந்தது. எடுபடும். ஆனால் பென்சில் நிழல் மலிவுத் தாளில் சேறாகிவிடும். மை கோடுகளால் நிழல் போட்டு, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள்.

வசனத்தை முதலில் எழுதுங்கள், படம் பிறகு. நம் சொற்கள் நீளம். ஒரு பலூனுக்கு 12 சொல்லுக்கு மேல் போனால் இரண்டாக உடையுங்கள். வரியைச் சொல்லின் நடுவில் முறிக்காதீர்கள். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். அச்சகத்தில் ஓரம் வெட்டுவார்கள் என்பதால் ஓரங்களில் 3 மில்லிமீட்டர் படத்தை நீட்டி வரையுங்கள்.