சோப்புக் கரைசலில் பாலிமர்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா, வணக்கம். உங்கள் மகள் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு, சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரிப் பொருள்) கலவையில் மின்சாரம் கடத்தும் பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீள்சங்கிலி மூலக்கூறு) தயாரிக்கப் போகிறேன் என்கிறார். "சோப்புத் தண்ணீரைக் கலக்கினால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று 1977-இல் காட்டிய ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பாலியனிலின் (அனிலீன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த கடத்தும் பாலிமர்) போன்றவை எளிதில் கரையாது, உருகாது. செய்து முடித்தபின் வடிவம் கொடுப்பது சிரமம். உருவாகும்போதே கொடுத்துவிட வேண்டும். அங்கேதான் சோப்பு வருகிறது. ஷாம்பூ வகையறாவில் இருக்கும் எஸ்.டி.எஸ். என்ற சர்ஃபாக்டன்ட், தண்ணீரில் சுமார் 8 மில்லிமோலார் செறிவைத் தாண்டினால் சிறு உருண்டைகளாகத் திரளும். அதன் மூலக்கூறின் தலைப்பகுதி எதிர்மின் கொண்டது. நேர்மின் தலையுள்ள சி.டி.ஏ.பி. என்ற இன்னொரு சர்ஃபாக்டன்டைக் கொஞ்சம் சேர்த்தால் தலைகள் நெருங்கி உட்காரும். உருண்டை புழுவாக நீளும், சில விகிதங்களில் பையாக மூடிக்கொள்ளும். சரிபாதி கலந்தால் வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும். அதனால் விகிதத்தில்தான் சூட்சுமம். இந்தத் திரள்களுக்கிடையே அனிலீன் பாலிமராகும்போது துகளாகிறதா, இழையாகிறதா என்பதைப் பொறுத்துக் கடத்துதிறனும் மாறும். கழுவாமல் விட்ட சோப்பு அதைக் கெடுக்கவும் செய்யும். டி.பி.எஸ்.ஏ. மாதிரி சில சோப்புகளோ அமிலமாகவும் வேலை செய்து கடத்தலைக் கூட்டும்.

சரி, வேலை? "கடத்தும் பாலிமர் தெரிந்தவர் தேவை" என்ற விளம்பரத்தை எதிர்பார்க்காதீர்கள். பெயின்ட், டிடர்ஜென்ட், அழகுசாதனக் கம்பெனிகளின் ஃபார்முலேஷன் (கலவை உருவாக்கும்) பிரிவுக்குச் சர்ஃபாக்டன்ட் கலவை தெரிந்த ஆள் வேண்டும். பேட்டரி, சென்சார் பக்கம் போனால் மின்வேதியியல் அளவீடு கைவசம் இருக்க வேண்டும். இந்த ஒரே புராஜெக்டில் இரண்டையும் கற்கலாம், வழிகாட்டி சரியாக அமைந்தால்.

அதனால் தலைப்பை விட்டுவிட்டு ஆய்வகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கடத்துதிறன் அளக்கும் ஃபோர் புரோப் கருவி அங்கேயே இருக்கிறதா? மாணவரே தொட்டு அளக்கலாமா? மின்னணு நுண்ணோக்கிப் படம் மட்டும் எடுத்து "நானோ" என்று தலைப்பு வைக்கும் புராஜெக்டுகள் ஏராளம். நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே அவை தாங்காது. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) புராஜெக்ட் செய்ய இடம் கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள்.

பிஎச்.டி. பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு மட்டும் தயாராகட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அப்போது உங்களைக் கேட்காமலே அவர் முடிவெடுப்பார்.