காது டெஸ்ட் எடுத்தாச்சா? – ஆட்டிசம் கேள்வி பதில்

*டாக்டர், என் பையன் இன்னும் பேசவில்லை. ஆட்டிசமா? வீடியோ அனுப்பியிருக்கிறேன்.*
– ஊர் எழுதவில்லை

நான் டாக்டர் இல்லை, பேச்சுப் பயிற்சியாளர். ஊர் போகட்டும், வயது எங்கே? பத்து மாதமென்றால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று வயதென்றால் எனக்குக் கடிதம் எழுதிய நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். அரை நிமிட வீடியோவைப் பார்த்து ஆட்டிசம் என்றோ இல்லை என்றோ சொல்பவரை நம்பாதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.

ஒன்றரை வயதுப் பிள்ளை என்றால் நான் கேட்பது இவைதான்: பெயர் சொன்னால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? வானத்தில் ஏரோப்ளேன் போனால் அதைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? எத்தனை வார்த்தை என்பதெல்லாம் அப்புறம். எல்லாவற்றுக்கும் முன்னால் காது டெஸ்ட். குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான் என்பது காது டெஸ்ட் ஆகாது, ஒலி கேட்டதும் மூளைக்குச் சிக்னல் போகிறதா என்று அளக்கும் பெரா டெஸ்ட் எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. எங்கே என்று விசாரியுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பதற்கென்றே உள்ள மையம் அது, செலவில்லை.

*தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா?*
– விருதுநகர்

வராது. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. எழுதியவரின் மருத்துவ உரிமமும் அதே வருடம் போனது. ஊசியைப் போடுங்கள்.

*எங்கள் நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம். இரண்டு மொழி குழப்பும், இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார் தெரபிஸ்ட். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் குழந்தையிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.*
– கோயம்புத்தூர்

இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை.

இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு பின்தங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கனடாவில் இருமொழி வீட்டுப் பிள்ளைகளையும் ஒருமொழி வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. சரி, ஒரே மொழிதான் என்று வைத்துக்கொண்டாலும் அது ஏன் தமிழாக இருக்கக் கூடாது? இதை எந்தத் தெரபிஸ்டும் யோசிப்பதில்லை. எங்கள் படிப்பு இங்கிலீஷில், படக் கார்டு இங்கிலீஷில், ஸ்கூல் இன்டர்வியூ இங்கிலீஷில். எங்கள் சௌகரியத்துக்காகப் பிள்ளையின் நாக்கை மாற்றச் சொல்கிறோம். கார்டில் வரிக்குதிரை நிற்கிறது, வாசலில் நிற்கும் ஆட்டுக்கு அவனிடம் பெயரில்லை.

சில வருடங்களுக்கு முன் ஐந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். கார்டு காட்டினால் ஆப்பிள், பர்ப்பிள், ட்ரையாங்கிள் எல்லாம் சொல்வான். தாகமெடுத்தால் கேட்கத் தெரியாது. அவன் அம்மா வீட்டில் இரண்டு வருடமாக ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்றே பேசியிருக்கிறார். அவருடைய இங்கிலீஷ் அதோடு தீர்ந்துவிட்டது. அந்த மொழியில் அவரால் கொஞ்சவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை, கதை சொல்லவும் முடியவில்லை. பிள்ளை காதில் விழுந்ததெல்லாம் கட்டளை. ஒருநாள் என் அறையில் தண்ணீர் பாட்டில் மூடி இறுகிக்கொண்டு, அவன் அழ ஆரம்பித்தான். அம்மா தன்னை மறந்து, “அடடா, மூடி கழல மாட்டேங்குதா என் ராசாவுக்கு?” என்றார். உடனே பையன் பேசிவிட்டான் என்று கதை விடமாட்டேன். நிமிர்ந்து பார்த்தான். பாட்டிலை அவர் மடியில் வைத்தான். ஆறு மாதமாக நான் அவனுக்குக் கற்றுத்தர முயன்றது அதைத்தான்.

மாமியார் பேசட்டும், பாடட்டும், நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டட்டும். நீங்களும் வாய்க்கு வரும் மொழியில் பேசுங்கள். பேச்சு வரும்வரை படம் வைத்துப் பேச ஆவாஸ் செயலி இருக்கிறது. சென்னையில் உருவானதுதான், தமிழும் உண்டு. படம் காட்டினால் பேச்சே வராது என்று யாராவது சொன்னால் அதுவும் கட்டுக்கதை. தெரபிஸ்ட் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆமாம், காது டெஸ்ட் எடுத்தீர்களா?

*ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று நான்கு லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?*
– பெரம்பலூர்

விற்காதீர்கள். ஆட்டிசத்தைக் ‘குணமாக்குகிறேன்’ என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வென்றால் உங்களிடம் காசு வாங்கக் கூடாது.

*ஐந்து வயது மகள் தயிர்சாதமும் அப்பளமும் தவிர எதையும் தொடுவதில்லை. பட்டினி போட்டால் வழிக்கு வருவாளா?*
– கும்பகோணம்

மாட்டாள், எடைதான் குறையும். அடம் என்று நினைக்காதீர்கள். வாயில் குழைவதும் நொறுங்குவதும் அவளுக்கு ஒத்துப்போகின்றன, பொரியலில் இரண்டும் கலந்து வருவது ஒத்துப்போகவில்லை. அப்பளத்திலிருந்து தொடங்குங்கள்: முறுகல் தோசை, வாழைக்காய் வறுவல் என்று நொறுங்கும் பக்கமாகவே நகருங்கள். புதியதைத் தட்டின் ஓரத்தில் வைத்தால் போதும், தின்னச் சொல்ல வேண்டாம். தயிர்சாதத்துக்குள் கேரட்டை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் தயிர்சாதமும் போய்விடும்.

*கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பையனுக்கு 25 வயது.*
– தேனி

பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்வதாக உத்தேசம் உண்டா என்றும் எழுதியிருக்கலாம்.

*மகளுக்கு 19 வயது, பேச்சு குறைவு. வங்கியில் கார்டியன் சான்று கேட்கிறார்கள். அப்பா நான்தானே?*
– தஞ்சாவூர்

அப்பா நீங்கள்தான். ஆனால் 18 முடிந்ததும் அவர் மேஜர், உங்கள் கையெழுத்து தானாகச் செல்லாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு மனு கொடுக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். கையோடு நிராமயா காப்பீட்டையும் கேளுங்கள், ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். 17 வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இப்போதே தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

*எனக்கு 27 வயது, ஐ.டி. வேலை. அண்ணன் மகனுக்கு ஆட்டிசம் என்றதும் அதைப் பற்றிப் படித்தேன். பாதி என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. எனக்கும் இருக்குமா மேடம்? இன்னொன்று, போன முறை ‘ஆட்டிசத்தால் அவதிப்படும் குழந்தைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவதியெல்லாம் ஆபீஸ் டியூப்லைட் போடும் இரைச்சலால்தான்.*
– சென்னை

இருக்கலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு இருக்கும் வாய்ப்பு கூடுதல். அமைதியான பெண், புத்தகப் புழு என்று பெயர் வைத்து நாங்கள் தவறவிட்ட பெண்கள் நிறைய. பெரியவர்களைப் பார்த்த அனுபவமுள்ள மனநல மருத்துவரிடம் போங்கள். சிறுவயதைப் பற்றிச் சொல்ல அம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள். சான்று கிடைத்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி ஆபீஸில் வசதி கேட்கலாம். கிடைக்காவிட்டால் என்ன, ஒரு டியூப்லைட்தானே, மாற்றச் சொல்லுங்கள். ‘அவதிப்படும்’ என்று எழுதியது என் தப்பு.